அரைத்தாளில் எழுதிவைத்தவள்

அவள் இப்போது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்துவைத்து யாரையும் அழவைக்கும் எண்ணம் எனக்கில்லை. அவளுக்கும் அது பிடிக்காது. பெயரையும் சொல்லப் போவதில்லை. அவளுடைய அம்மா மதுக்கரையில் இருக்கிறார். இதைப் படித்தாலும் படிப்பார்.

நான் திட்டுகிறவள். அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் அதற்கு வேலை இருக்கிறது. கொடுமுடிப் பக்கம் மஞ்சள் போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் தண்ணீர் கட்டும்போதும் திட்டு, சோறு போடும்போதும் திட்டு. பாசம் அதிகமானால் இன்னும் இரண்டு வார்த்தை கூட வரும். ஆறு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் திட்டிச் சம்பாதித்துவிட்டு, அதற்குப் பிறகு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். அவளும் அதே வருடம் சேர்ந்தாள். என்னைவிட நான்கு வயது சின்னவள். ஒரே அறை, ஒரே வேலை. முதுகோடு முதுகாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம்.

அவள் பயந்தாங்கொள்ளி. நாய்க்குப் பயம். இடிக்குப் பயம். எங்கள் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிதான் போகும், அதில்கூட ஏற மாட்டாள். உக்கடத்தில் பஸ் மாறும்போது கூட்டத்தைப் பார்த்தால் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில்தான் ஏறுவாள். "ஏனுங்கக்கா, கூட வாரீங்களா" என்று என்னைக் கூப்பிடுவாள். நான் திட்டிக்கொண்டே போவேன்.

ஆனால் அந்தப் பயத்தை வைத்து அவள் ஒரு காரியம் செய்வாள். வேறு யாரிடமும் நான் அதைப் பார்த்ததில்லை.

ஏதாவது ஒரு எண் வரப் போகிறது என்றால், அது வருவதற்கு முன்பே அவள் எழுதிவைத்துவிடுவாள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துச் சரிபாதியாக மடிப்பாள். மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தை இரண்டு தடவை ஓட்டுவாள். பிறகு ஒரே இழுப்பில் கிழிப்பாள். கத்தியால் வெட்டியதுபோல நேராகக் கிழியும். மூடி போட்ட மைப்பேனா ஒன்று வைத்திருந்தாள். அந்த அரைத்தாளில், எண் இவ்வளவுக்கு மேலே போனால் இதைச் செய்வது, கீழே இருந்தால் இதைச் செய்வது என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போடுவாள். அதற்குப் பிறகுதான் எண்ணைப் பார்ப்பாள்.

அவளுடைய அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாதா கோயிலில் பூசை முடிந்து அம்மா அப்போதுதான் வந்திருந்தார். விரலில் ஊசி குத்தும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இவள் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா விரலை நீட்டியபடி காத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க கண்ணு இவளோட லொள்ள" என்று அம்மா என்னிடம் முறையிட்டார். "ஒரு சொட்டு ரத்தம் எடுக்கறதுக்குப் பத்திரம் எழுதறா. பிரியாணிக்கு அரிசி ஊறுது அங்க."

"பிரியாணியும் இதுல வருதுங்கம்மா" என்றாள் இவள், தலை நிமிராமல். "மேல போனா உங்களுக்குப் பிரியாணி இல்ல. ரசஞ்சோறு."

"அதெல்லாம் பாத்துட்டுச் சொல்லு."

"பாத்துட்டுச் சொன்னா நீங்க பேசியே என்னைய மாத்திப்போடுவீங்க."

எண் மேலேதான் வந்தது. அம்மா ரசஞ்சோறு சாப்பிட்டார். நானும் இவளும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டோம். நான் பாதியை அப்படியே வைத்துவிட்டேன். இவள் நன்றாகச் சாப்பிட்டாள். அன்றைக்கு எனக்கு இவள்மேல் கோபம்தான் வந்தது. இதென்ன கல்நெஞ்சு என்று நினைத்தேன். பஸ் ஏற்றிவிட வந்தபோது கேட்டும்விட்டேன்.

அப்போதுதான் அவளுடைய அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. எண் இவ்வளவைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாண்டியது. இந்த வயதில் இது சகஜம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த மாதம் இன்னும் தாண்டியது. முந்தின நாள் கறி சாப்பிட்டதால் இருக்கும் என்றார்கள். அதற்கு அடுத்த மாதம் கிறிஸ்துமஸ் வந்தது, முடியட்டும் என்றார்கள். அதற்குள் அவர் போய்விட்டார்.

"எண்ணு அதுபாட்டுக்குப் போச்சுங்க அக்கா. நாங்க கோட்டத் தூக்கிட்டு அது பின்னாலயே போனோம். யாரும் கெட்டவங்க இல்ல. எல்லாருக்கும் பயம். பாத்ததுக்கப்பறம் பயத்துல கோடு நகந்துருது. அதான் பாக்கறதுக்கு முன்னாடியே போட்டுப்போடோணும்."

பஸ் வந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்தேன். அவள் கீழே நின்று, எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதுபோலக் கையை ஆட்டினாள்.

எங்கள் வேலையும் அதே மாதிரிதான் என்பது வேடிக்கை. அல்லது அதனால்தான் அவள் அந்த வேலைக்கு வந்தாளோ என்னவோ.

வெளிநாட்டில், மண்ணுக்கடியில், ஒரு பெரிய வளையம் இருக்கிறது. அதற்குள் புரோட்டான்களை எதிரும் புதிருமாக ஓடவிட்டு மோதவைக்கிறார்கள். அந்த மோதலில் சில சமயம் டாப் குவார்க் என்கிற துகள் பிறக்கும். அடிப்படைத் துகள்களிலேயே கனமானது அது. பிறந்ததும் சிதைந்துவிடும். கண் இமைக்கும் நேரம் என்று சொன்னால் தப்பு. அதற்குக் கண் இமைக்கும் நேரம் ஒரு யுகம். எந்தக் கருவியும் அதை நேராகப் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அது உடைந்தபோது என்னென்ன எந்தப் பக்கம் தெறித்தது, எவ்வளவு வேகத்தில் தெறித்தது என்பது மட்டும் பதிவாகும். தெறித்ததைக் கூட்டிப் பார்த்து, இந்த இடத்தில் ஒரு டாப் இருந்திருக்க வேண்டும் என்று நாம் சொல்கிறோம். எத்தனை பிறந்தன, எந்தெந்த வழியில் உடைந்தன, புத்தகத்தில் சொன்னபடி உடைந்தனவா, இல்லை யாரும் எதிர்பாராத வழியில் ஒன்றிரண்டு போயினவா என்று அளக்க வேண்டும். உலகம் முழுக்கப் பல ஊர்களில் ஆட்கள் அளக்கிறார்கள். கோயம்புத்தூரில் நாங்கள் இரண்டு பேர்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பதில் எங்கே இருக்குமோ அந்த இடத்துத் தரவை மூடிவைத்துவிடுவார்கள். பெட்டி என்று சொல்வோம். எந்த மோதலை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்கிற கோடுகளை எல்லாம், போலியாக உருவாக்கிய தரவை வைத்தே முடிவு செய்ய வேண்டும். எல்லாக் கோடும் உறுதியான பிறகு, பெரிய கூட்டம் போட்டு அனுமதி வாங்கி, அதற்கப்புறம்தான் பெட்டியைத் திறக்கலாம். முன்பே பார்த்துவிட்டால், வேண்டிய பதில் வருகிற பக்கமாகக் கோடு தானாக நகர்ந்துவிடும். நேர்மையான ஆளுக்கும் நகரும். ஒரே அளவீட்டை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பது இன்னொரு கட்டுப்பாடு. ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியக் கூடாது. அவளும் நானும் அந்த இரண்டு பேர்.

ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படிச் செய்வது? ஜவுளிக்கடை அட்டைப்பெட்டியைப் பிரித்து அவள் கணினித் திரைக்கு இரண்டு பக்கமும் மறைப்பு வைத்தாள். பட்டுப்புடவை கட்டிய பெண் படம் போட்ட அட்டை. பார்க்க வருகிறவர்கள் சிரிப்பார்கள். நான் டீ குடிக்கக் கூப்பிட எழுந்தால், முதலில் தொண்டையைச் செருமிக் காட்ட வேண்டும். அவள் திரையை அணைத்த பிறகுதான் திரும்பலாம். கோடுகளைப் பற்றி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், அதற்குத் தடை இல்லை. போட்டோம். ஒரு கோட்டைப் பற்றி இரண்டு வாரம் சண்டை போட்டோம். அதைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்பது அவள் கட்சி, உயர்த்த வேண்டும் என்பது என் கட்சி. பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் ஆறிப்போகும்வரை கத்தினேன். கடைக்காரர், "ஏனுங்க அம்மணி, சொத்துத் தகராறுங்களா" என்று கேட்டார்.

அந்த இரண்டாவது வாரத்தில் ஒருநாள் நான் பெட்டிக்குள் பார்த்துவிட்டேன்.

வேண்டுமென்று இல்லை, முதலில். பழைய சோதனைக் கோப்பு ஒன்றை நகல் எடுத்து ஓடவிட்டேன். அதில் மூடிவைக்கச் சொல்லும் வரி இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. படம் திரையில் வந்தது. மூடியிருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் உட்கார்ந்திருந்தன. உடனே மூடியிருக்கலாம். மூடவில்லை. நன்றாகப் பார்த்தேன். கோட்டை நான் சொன்னபடி உயர்த்தினால் ஒன்றுமில்லை. அவள் சொன்னபடி தாழ்த்தினால் புதிதாக ஏதோ இருப்பதுபோலத் தெரிந்தது. புதிதாக ஏதாவது இருந்தால் எனக்கு வெளிநாட்டில் இடம் கிடைக்கும். வீட்டில் கல்யாணப் பேச்சை நிறுத்துவார்கள். யாரையும் நம்பவைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவள் கட்சிக்கு நான் மாறினால் போதும்.

மறுநாள் காலையில் சொன்னேன். "சரி, நீ சொன்ன மாதிரியே வெச்சுக்கலாம்."

அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"பாத்துப்போட்டீங்களா அக்கா?"

கத்தினேன். உனக்கு என்ன திமிரு, என்னைத் திருடின்னு சொல்றியா, என்றேன். நான் கத்தி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"ரெண்டு வாரமா விட்டுக்குடுக்கலீங்க. இன்னைக்கு டீ கூடக் குடிக்காம விட்டுக்குடுத்தீங்க. சண்டை எங்கீங்க போச்சு?"

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு அரைத்தாளில் எழுதி என் மேசையில் வைத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் நானே பேராசிரியரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சனிக்கிழமை காலை அவள் சொல்வாள். தேதி, கையெழுத்து. அந்த மூன்று நாளும் நான் அவளை வெறுத்தேன். அவள் பஸ் ஏறப் போகும்போது கூடப் போகவில்லை. தனியாகப் போனாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சொன்னேன். என் வேலையைத் தனியே எடுத்துவைத்துவிட்டார்கள். அவளுக்கு இணையாக அளக்க வேறு நாட்டிலிருந்து ஒருவரைப் போட்டார்கள். நான் வேறொரு அளவீட்டை முதலிலிருந்து ஆரம்பித்தேன். அதில் எனக்கு ஒரு வருடம் வீணாகப் போயிற்று.

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நியாயம் அவள் பக்கம் என்று தெரியும். அதுதான் எரிச்சல். ஆனால் முதுகோடு முதுகாக உட்கார்ந்துகொண்டு எத்தனை நாள் முறைப்பது? இரண்டு மாதத்தில் மறுபடி பேக்கரிக்குப் போனோம். நான் மறுபடி திட்ட ஆரம்பித்தேன். அட்டை மறைப்பைத் திட்டினேன், லிஃப்ட் பயத்தைத் திட்டினேன், அவள் தலை வாரும் லட்சணத்தைத் திட்டினேன். அவளுக்கு முகம் மலர்ந்தது. "இப்பத்தானுங்க நல்லா இருக்குது" என்றாள்.

அதற்கு அடுத்த கோடையில் அவளுக்கு மார்பில் கட்டி தெரிந்தது. துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். என்னிடம் மட்டும் சொன்னாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

முடிவு வாங்கிய அன்று பத்து மணிக்கு அறைக்கு வந்தாள். பழுப்பு உறை, வாயில் ஒரு ஸ்டேப்ளர் பின். அதை என் மேசையில் வைத்தாள்.

"அக்கா, சாயங்காலம் வரைக்கும் இத வெச்சிருங்க."

"ஏன், உனக்குக் கை இல்லியா?"

"நான் இன்னும் எழுதி முடிக்கலீங்க. என்ற கைல இருந்தா பிரிச்சுப்போடுவேன்."

"எங்கிட்டக் குடுக்கற பாரு. எனக்குத்தான் நல்ல பேரு இருக்குதே இந்த ஊருல."

சிரித்தாள். "நீங்களே வெச்சிருங்க" என்றுவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

உறையைக் கைப்பையில் போட்டேன். பதினோரு மணிவரை தாங்கினேன். பிறகு கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு நகத்தால் பின்னைக் கழற்றினேன். அங்கே வெளிச்சம் குறைவு. ஜன்னல் பக்கம் தூக்கிப்பிடித்துப் படித்தேன். டாக்டர் படிப்பு படிக்காதவளுக்கும் புரிகிற வார்த்தை அதில் இருந்தது. ஒரே வார்த்தைதான், ஆனால் நான் அந்தத் தாளை மூன்று தடவை படித்தேன். வேறு யாருடைய பெயராவது மேலே இருக்குமோ என்று பார்த்தேன். அவள் பெயர்தான். பின்னை அதே ஓட்டைகளில் மாட்டி, அழுத்தி, முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அன்றைய பகல் முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் நின்றால் எனக்கு உயிர் போனது. தாள் மடிக்கும் சத்தம் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், வரவே இல்லை. என்ன எழுதப் போகிறாள், என்னிடம் யோசனை கேட்டால் என்ன சொல்வது, சாயங்காலம் உறையைக் கொடுக்கும்போது எதையும் காட்டிக்கொள்ளாமல் கொடுக்க முடியுமா என்று மாற்றி மாற்றி நினைத்தேன். மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். தயிர்சாதம். என்னிடம் இருந்த முட்டைப் பொரியலை அவளுக்கு வைத்தேன். ஏசிக்குக் கீழே உட்கார்ந்தால் அவளுக்குத் தும்மல் வரும், அதனால் என் நாற்காலியைக் கொடுத்தேன். மூன்று மணிக்கு நானே பேக்கரிக்குப் போய் டீ வாங்கிவந்தேன்.

"குடி கண்ணு" என்றேன்.

நாலு மணி இருக்கும். அவள் நாற்காலி திரும்பும் சத்தம் கேட்டது.

"அக்கா."

"சொல்லு சாமி."

"காலைல இருந்து நீங்க என்னைய ஒரு தடவகூடத் திட்டலைங்க."

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு அரைத்தாளை எடுத்து நீட்டினாள். முந்தின நாள் தேதி போட்டிருந்தது. எழுதி முடிக்கவில்லை என்று காலையில் சொன்னது பொய். எனக்குத் தெரிந்து அவள் சொன்ன ஒரே பொய்.

நான்கைந்து வரிதான். அக்கா சாயங்காலத்துக்குள் என்னைத் திட்டினால், உறையை நானே பிரித்துப் படித்துவிட்டு, பேக்கரியில் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது. அக்கா திட்டாவிட்டால், அன்றைக்கே அம்மாவிடம் சொல்வது, மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்வது. நாட்டு மருந்து கிடையாது. இன்னொரு இடத்தில் கேட்டுப் பார்ப்பது கிடையாது. திருவிழா முடியட்டும் என்பது கிடையாது. கீழே, அக்கா பிரிக்காவிட்டால் என்று ஒரு வரி ஆரம்பித்து, முடிக்காமல் கோடு போட்டு அடித்திருந்தாள்.

அந்த அடித்தலைப் பார்த்து எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "அவ்வளவு நிச்சயமா உனக்கு என் மேல" என்றேன்.

"நிச்சயந்தானுங்க. அதுக்குத்தான உங்ககிட்டக் குடுத்தேன்." அவள் கை இரண்டும் மடியில் கிடந்தன. "எனக்கு அத நேரா பாக்கறதுக்குத் தைரியம் இல்லீங்க அக்கா. டாப்ப மட்டும் யாருங்க நேரா பாத்தா."

உறையைக் கொடுத்தேன். பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டாள். உக்கடம் வரைக்கும் கூடப் போனேன். வந்த முதல் பஸ்ஸில், அவ்வளவு கூட்டத்தில், அவள் ஏறிக்கொண்டாள். படியில் நின்றபடி சொன்னாள்: "இனிமே தெனமும் திட்டோணுமுங்க. நீங்க நிறுத்துனீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுபோயிரும். அந்தப் பயத்தோட என்னால மருந்து ஏத்திக்க முடியாது."

அதனால் திட்டினேன். ஒன்றரை வருடம். மருந்து ஏற்றும் நாளெல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திட்டினேன். முடி கொட்டியபோது, வேளாங்கண்ணிக்கு வேண்டுதலா, வழியிலேயே மொட்டை அடிச்சுட்டியா என்றேன். நர்ஸ் பேயைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். இவள் வாந்திப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய அளவீட்டுக்குப் பெட்டி திறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, குல்லாய் போட்டபடி கூட்டத்தில் இருந்தாள். அவள் எண்ணும் அந்த வெளிநாட்டுக்காரர் எண்ணும் ஒத்துப்போயின. புதிதாக ஒன்றும் இல்லை. புத்தகத்தில் சொன்னபடிதான் டாப் உடைகிறது. நான் அன்றைக்குப் பெட்டிக்குள் பார்த்தது வெறும் தற்செயல். தரவு கூடக் கூட அது கரைந்துபோயிருந்தது.

"ஒண்ணுமில்லாததுக்கா ஒரு வருசம் போச்சு எனக்கு" என்று திட்டினேன். இந்தத் திட்டு நிஜம்.

"ஒண்ணுமில்லைன்னு நிச்சயமாத் தெரிஞ்சுதுங்களே" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

நடுவில் ஆறேழு மாதம் நன்றாக இருந்தாள். அறைக்கு வந்தாள், அட்டை மறைப்பை மறுபடி வைத்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். ரிப்போர்ட்டை அவளுடைய அம்மாதான் போய் வாங்குவார். வாங்கியதும் எனக்குத்தான் முதலில் ஃபோன் செய்வார். அந்த அம்மாவுக்கும் தனியாகத் தாங்கும் தெம்பில்லை. இவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் அரை மணி கழித்து என்னைக் கூப்பிடுவாள். ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். "என்னங்க அக்கா, சாப்டாச்சுங்களா" என்பாள். நான் திட்டுவேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "சரீங்க, வெச்சர்றேன்" என்பாள். ஒவ்வொரு தடவையும் அந்த அரை மணி நேரம் எனக்கு எப்படிப் போகும் என்று யாரிடமும் சொன்னதில்லை. நல்ல ரிப்போர்ட்டாக இருந்தாலும் வியர்க்கும்.

கடைசி ரிப்போர்ட் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அம்மா அழுதுகொண்டே ஃபோன் செய்தார். "கண்ணு, ஈரலுக்குப் போயிருச்சாம், நொரயீரலுக்கும் போயிருச்சாம்" என்றார். பிறகு, "அவகிட்ட நீங்க ஒண்ணும் காட்டிக்காதீங்க. அடுத்த வாரம் ஃபாதர வெச்சு மெதுவாச் சொல்லிக்கறேன்" என்றார். சரிங்கம்மா என்றேன்.

அரை மணி நேரம் இருந்தது. எழுந்து அறைக்கதவைச் சாத்தினேன். என்னென்ன திட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். குரல் இறங்கக் கூடாது, நடுவில் நிற்கக் கூடாது, கண்ணு என்று வாயில் வந்துவிடக் கூடாது. இரண்டு தடவை சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன்.

ஃபோன் அடித்தது.

"என்னங்க அக்கா, சாப்டாச்சுங்களா."

ஆரம்பித்தேன். மணி என்ன ஆகுது, இப்பத்தான் எந்திரிச்சியா, எருமை மாதிரித் தூங்கு. மேசையில நீ போட்டுட்டுப் போன குப்பைய எவ அள்ளறது. அந்தப் பட்டுப்புடவ அட்டைய இன்னைக்கே குப்பையில போடறேன் பாரு. என் ஒரு வருசத்தத் தின்னவதானடி நீ. டீக்கடைக்காரருக்குப் பதில் சொல்லி மாளல. உங்கம்மாவ என்ன பாடு படுத்தறயோ. கூறுகெட்டவளே, நாய்க்குப் பயந்தவளே, லிஃப்டுக்குப் பயந்தவளே. மூச்சுவிடாமல் திட்டினேன். தாளில் எழுதிவைத்தது தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாததால் திட்டிக்கொண்டே போனேன்.



"அக்கா" என்றாள், ரொம்ப மெதுவாக.

"என்னடி."

"இன்னைக்குக் கொஞ்சம் அதிகமாத் திட்டறீங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஃபோனுக்குள் தாள் மடிக்கும் சத்தம் கேட்டது. மடிப்பின் மேல் நகம் ஓடியது, இரண்டு தடவை. பிறகு அது கிழிந்தது. நேராக, ஒரே இழுப்பில்.